செவந்தி எழுதாத கார்டு

செவந்தி வேலை பார்க்கும் கிளை அஞ்சலகம் ஆலங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத் தொலைவில், ஒரு முந்திரித் தோப்புக்கு எதிரே இருக்கிறது. அஞ்சலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாமனார் வீட்டு முன்னறை, ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, சுவரில் ஒரு சிவப்பு போர்டு. முப்பது வருடமாக அங்கே போஸ்ட் மாஸ்டரும் அவள்தான், தபால் கொடுக்கப் போகிறவளும் அவள்தான், அறையைக் கூட்டிப் பெருக்குகிறவளும் அவள்தான்.

தபால் பை வந்து இறங்கிவிட்டால் அந்தம்மாவுக்குச் சோறு தண்ணி வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். கையிலிருக்கும் கடைசிக் கடிதம் உரியவர் கைக்குப் போகும்வரை அவள் உட்காரமாட்டாள். ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓட, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அது ஏதோ கம்பெனி அனுப்பிய விளம்பரம். வாங்கிக்கொண்ட பெரியவர், "இதுக்காம்மா தண்ணியில எறங்குன" என்று தலையில் அடித்துக்கொண்டார். மேலதிகாரிகள் அவளைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அதை அவள் சுவரில் மாட்டவில்லை. பீரோவுக்கு மேலே பழைய காலண்டர்களோடு கிடக்கிறது.

மாட்டாததற்குக் காரணம் அடக்கம் அல்ல. எல்லோரும் கடமை உணர்ச்சி என்று நினைத்தது வெறும் பயம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பயத்துக்குக் கொடுத்த சான்றிதழை யார் சுவரில் மாட்டுவார்கள்?

அந்தப் பயத்தின் பெயர் இருளாயி. விடுதியில் அவளோடு ஒன்றாகப் படித்தவள். நாற்பது வருடமாக அவளைச் செவந்தி பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்கு உலை வைத்தவள் பொற்கொடி.

பொற்கொடி அந்தக் காலத்தில் விடுதிக் குழாயடியில் பெண்களை வரிசையில் நிறுத்துகிறவள். இப்போது கறம்பக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. ஆட்களைச் சேர்த்து வரிசையில் நிறுத்தும் சுபாவம் மட்டும் போகவில்லை. வாட்ஸ்அப்பில் 'விடுதித் தோழிகள்' என்று ஒரு குழு தொடங்கி, தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் சொல்லி, கண்ணில் பட்டவர்களை எல்லாம் இழுத்துப் போட்டாள். இருபத்திரண்டு பேர் ஆனார்கள். போன வைகாசியில் ஒரு நாள், 'நம்ம இருளாயி கிடைச்சுட்டா. குளத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிறா. எல்லாரும் வாழ்த்துச் சொல்லுங்க' என்று போட்டாள். கீழே கைகூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. செவந்தி போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்குத் தபால் முத்திரையில் தேதியை மாற்ற மறந்துபோனாள். அது முப்பது வருடத்தில் முதல் தடவை.

நடந்தது இதுதான்.

புதுக்கோட்டையில் அவர்கள் தங்கிப் படித்தது அரசாங்க விடுதி. அறுபது பெண்கள், மூன்று நீள அறைகள், இரண்டே இரண்டு குளியலறைகள். சாம்பார் என்ற பெயரில் ஒரு தண்ணீர் ஊற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை உண்டு. விடுதியில் எல்லா வேலைக்கும் கூலி அந்த முட்டைதான். தலை பின்னிவிட்டால் அரை முட்டை, கணக்கு நோட்டைப் பார்த்து எழுத விட்டால் ஒரு முட்டை.

ஊருக்குப் போக லீவு வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கார்டு வர வேண்டும். கார்டு வந்ததும் வார்டன் டீச்சர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி முதலில் பார்ப்பது எழுத்தை அல்ல, தபால் முத்திரையை. முத்திரையில் அந்தப் பெண்ணின் ஊர்ப் பெயர் இருந்தால்தான் மேற்கொண்டு படிப்பார். டீச்சருக்கு மேல் கெட்டிக்காரி செவந்தி. ஒன்பதாம் வகுப்பிலேயே அவளுக்கு ஏழெட்டுக் கையெழுத்து வரும். கை நடுங்கும் பெரியவர் எழுதியது போல, டீக்கடையில் உட்கார்ந்து அவசரத்தில் கிறுக்கியது போல, பிழைகளோடு, பிழையில்லாமல், எப்படி வேண்டுமானாலும் எழுதுவாள். அப்பாவுக்குக் காய்ச்சல், சித்தப்பாவுக்குக் கால் பிசகல் என்று எழுதி, அந்தந்தப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கும் பெண்களிடம் கொடுத்துவிடுவாள். அவர்கள் தங்கள் பக்கத்துத் தபால் பெட்டியில் போடுவார்கள். இரண்டு மூன்று நாளில் அசல் முத்திரையோடு கார்டு விடுதிக்கு வந்துவிடும். கூலி, கார்டுக்கு நாலு முட்டை. எழுதுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

இருளாயிக்கு அப்பா இல்லை. ஊரில் அம்மாவும் அண்ணன் நல்லதம்பியும்தான். ஊர் மாரியம்மன் கோயில் பூச்சொரிதலுக்குப் போக அவளுக்குக் கொள்ளை ஆசை. நாலு ஞாயிறு தன் முட்டையை எடுத்துச் செவந்தி தட்டில் வைத்துவிட்டு வெறும் சாம்பாரைச் சாப்பிட்டாள். நாலாவது முட்டையும் உள்ளே போன பிறகும் செவந்தி எழுதவில்லை. இருளாயியின் ஊர் இருக்கும் குளத்தூர்ப் பக்கமிருந்து வரும் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்ததால் கார்டைப் பெட்டியில் போட ஆளில்லை. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால் தின்ற முட்டைக்குப் பதில் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை இருளாயி, "போட்டாச்சாடி?" என்று கேட்டபோது, "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் ஒரு கார்டு வந்தது. 'தாயாருக்கு மஞ்சள் காமாலை. இருளாயியை உடனே அனுப்பி வைக்கவும். இப்படிக்கு நல்லதம்பி.' அது நல்லதம்பியே போட்ட நிஜக் கார்டு. நல்லதம்பிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியிருந்தார். வார்டன் டீச்சர் முத்திரையைப் பார்த்தார், லீவு கொடுத்தார். இருளாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு கார்டோடு குழாயடிக்கு ஓடி வந்தாள்.

"ஏண்டி மஞ்சக்காமாலைன்னு எழுதுன? சும்மா காச்சல்னு எழுதப்புடாதா? பாவம் எங்கம்மா."

செவந்தி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கிப் பார்த்தாள். ஏழெட்டுக் கையெழுத்து எழுதுகிறவளுக்குத் தன்னுடையது எது, அடுத்தவருடையது எது என்று தெரியாமல் இருக்குமா? ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"காமாலைன்னாத்தான் நம்புவாங்க" என்றாள்.

எப்படியோ லீவு கிடைத்துவிட்டது, சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள், ஊருக்குப் போனால் தானே தெரிந்துகொள்வாள் என்றுதான் நினைத்தாள். பதினாலு வயதுப் புத்தி அவ்வளவுதான் போனது. ஆனால் இருளாயி கிளம்பவில்லை. பொய்க் கார்டுக்கு என்ன அவசரம்? பூச்சொரிதல் ஞாயிற்றுக்கிழமைதான். டீச்சரிடம் போய், "வெள்ளிக்கிழமை டெஸ்ட் இருக்குங்க டீச்சர், எழுதிட்டுப் போறேன். வீட்டுல அண்ணன் இருக்காரு, பாத்துக்குவாரு" என்றாள். படிக்கிற பிள்ளை என்று டீச்சர் மெச்சிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை போனது. புதன்கிழமையும் போனது. செவந்தியின் பாய்க்குப் பக்கத்துப் பாய் இருளாயியுடையது. ஊரில் எந்தப் பாவாடையைக் கட்டிக்கொள்வது, ராட்டினத்தில் எத்தனை தடவை ஏறுவது என்று இருளாயி பேசிக்கொண்டே இருந்தாள். செவந்தி உம் கொட்டினாள். வாயைத் திறந்தால் முட்டை, 'போட்டாச்சு', 'காமாலைன்னாத்தான் நம்புவாங்க' எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துவிடும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை காலை பிரேயருக்கு நின்றபோது இருளாயியின் உறவுக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அம்மா விடிகாலையில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து திரும்பி வந்த இருளாயி, செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாம எழுதுன மாதிரியே ஆயிருச்சுடி. கேட்டு வாங்கி எங்கம்மாவுக்குக் காமாலைய வர வச்சுட்டேன்." பொய்யாக எழுதிய வார்த்தை பலித்துவிட்டது என்று அவள் நம்பினாள். 'இல்லடி, அது நாம எழுதுனதே இல்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாரமாவது அவளை விட்டு இறங்கியிருக்கும். செவந்தி அப்போதும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. இதற்குச் சமாதானம் ஒன்றும் கிடையாது. அவளும் தேடிப் பார்த்தவள்தான்.

பத்தாவது முடித்ததும் ஆளுக்கொரு திசையானார்கள். செவந்தி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள். மாமனார் தன் முன்னறையை அஞ்சலகத்துக்கு விட்டிருந்தார். மருமகள் பத்தாவது பாஸ் என்பதால் வேலையும் வந்து சேர்ந்தது. வேறு எந்த வேலையாக இருந்தாலும் ஒருவேளை மறந்திருப்பாள். கார்டைத் தொட்டுத் தொட்டே பிழைக்கும் பிழைப்பில் மறதி எங்கிருந்து வரும்? கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தின் மாடியைப் பொற்கொடி பேசி முடித்தாள். எல்லோரும் வர வேண்டும், வராதவர்கள் பெயரை போர்டில் எழுதிப் போடுவேன் என்று குழுவில் மிரட்டினாள். செவந்தி ஒரு வாரம் யோசித்தாள். இந்தத் தடவை சொல்லிவிடுவது, அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினாள். வழி நெடுக, எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படித் தொடங்கினாலும் கேவலமாகத்தான் இருந்தது.

மாடியில் ஒரே இரைச்சல். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஒருத்தியை ஒருத்தி வாடி போடி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியாக மைக்கைப் பிடித்து, படித்த பிறகு என்ன வேலை பார்த்தேன் என்று சொல்ல வேண்டும் என்பது பொற்கொடியின் உத்தரவு. கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்திருந்த பாசிலா எழுந்தாள்.

"குவைத்துல ஒரு வீட்டுல பதினாலு வருஷம் இருந்தேன். அந்த வீட்டுப் புள்ளைய நான் வளத்தேன், எம்புள்ளைய இங்க எங்கம்மா வளத்தாக. இப்ப ரெண்டு புள்ளையும் எனக்குப் போன் பண்றதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஹாஸ்டல்ல படிச்சதுல ஒண்ணு மட்டும் அங்க ஒதவுச்சு. யாரு எரஞ்சாலும் காதுல வாங்காமத் தூங்கக் கத்துக்கிட்டோம்ல, அது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருளாயியின் முறை வந்தது. தலை முழுக்க நரைத்து ஒடிசலாக இருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடம் செக்கிங்கில் இருந்ததாகவும், வீட்டுக்காரர் தவறிய பிறகு அவருடைய ஊருக்கே வந்து சத்துணவு சமைப்பதாகவும் நாலே வார்த்தையில் சொல்லி முடித்தாள். "நூத்திப் பத்துப் புள்ளைகளுக்கு ஆக்கிப் போடுறேன். சாம்பாரு மட்டும் தண்ணியா வைக்க மாட்டேன்" என்றதும் கைதட்டல் எழுந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் பொற்கொடி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "நம்ம செவந்தி இப்ப போஸ்ட் மாஸ்டர். அன்னைக்குக் கள்ளக் கார்டு எழுதுனவளுக்கு அரசாங்கம் கொடுத்த தண்டனை. இவ புண்ணியத்துல எத்தன அப்பனுக்குக் காச்சல் வந்துச்சு, எத்தன சித்தப்பனுக்குக் கால் ஒடிஞ்சுச்சு" என்றாள். மாடி அதிரச் சிரித்தார்கள். இருளாயி மட்டும் சிரிக்காமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அதைச் செவந்தி பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு இருளாயியே அவளைத் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"குரூப்புல எல்லாரும் பேசுறாக, நீ மட்டும் ஒரு வார்த்த பேசல. கோவமாடி எம்மேல?"

"ஒம்மேல எனக்கென்னடி கோவம்."

இலையில் கூட்டு, பொரியல் எல்லாம் வைத்து, கடைசியில் ஆளுக்கொரு அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு போனார்கள். ஹாஸ்டல் ஞாபகத்துக்காக என்று பொற்கொடி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது இருளாயியின் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு அணைத்தாள். மறுபடி அடித்தது. மறுபடியும் அணைத்தாள்.

"யாருடி?"

"எங்கண்ணன் மக, அருணா. அவருக்குக் கை கால் விழுந்து மூணு மாசமாப் படுக்கையில கெடக்காராம். ஒருதடவ வந்து பாத்துட்டுப் போங்கத்தன்னு போன் பண்ணிக்கிட்டே இருக்கா."

"போகலையா?"

"நான் அவருகூடப் பேசி நாப்பது வருஷமாகுது." இருளாயி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எங்கம்மா சாகக் கெடந்தப்ப எனக்கு ஒரு தாக்கல் சொல்லல. கேட்டா, கார்டு போட்டேன் கார்டு போட்டேன்னு சாதிச்சாரு. அவரு போட்டிருந்தா ரெண்டு கார்டுல்ல வந்துருக்கணும்? நீ எழுதுனது ஒண்ணுதானே வந்துச்சு. அத வெளிய சொல்ல முடியுமா? வெக்கக்கேடு. கார்டு எதுவும் வரலன்னு சொந்தபந்தம் அத்தன பேரு முன்னாடியும் அவரப் பொய்யன்னு சொன்னேன். எம்மக காதுகுத்துக்குச் சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டுக் கோயில் வாசல் வரைக்கும் வந்தாரு. உள்ள கூப்பிடல. புள்ளைய ஒண்ணுவிட்ட மாமன் மடியில ஒக்கார வச்சுக் காது குத்துனேன். தட்டோட திரும்பிப் போனாரு."

தாய்மாமன் உயிரோடு வாசலில் நிற்க, இன்னொருவர் மடியில் பிள்ளையை உட்கார வைப்பது சாதாரண அவமானம் அல்ல. அந்த மனிதர் அதற்குப் பிறகு ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடந்திருப்பார் என்று செவந்தி நினைத்துப் பார்த்தாள். ஒரு சாவோடு முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"சரி விடு, பழசப் பேசி என்னத்துக்கு" என்று சொல்லி இருளாயி தன் இலையிலிருந்த முட்டையை எடுத்துச் செவந்தியின் இலையில் வைத்தாள். "பழைய பழக்கம். எடுத்துக்க."

அதற்கு மேல் செவந்தியால் முடியவில்லை. வழி நெடுக ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.

"இருளாயி, அந்தக் கார்ட நான் எழுதல."

"எந்தக் கார்ட?"

"மஞ்சக்காமாலைக் கார்ட. நான் எழுதவே இல்ல. குளத்தூர்ப் புள்ளைக்கு அம்மை போட்டுருந்துச்சு, குடுத்துவிட ஆளில்ல. போட்டாச்சுன்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன். வந்தது ஒங்கண்ணன் போட்ட கார்டுதான்."

எதிர்ப் பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். ரசம் வந்தது. பரிமாறுகிறவர் இவர்கள் பக்கமும் வந்து வாளியை நீட்டிவிட்டு, இருவரும் நிமிராததால் நகர்ந்து போனார்.

"காமாலைன்னாத்தான் நம்புவாங்கன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"கார்டப் பாத்துட்டுச் சொன்னியா, பாக்காமச் சொன்னியா?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"ஒன் எழுத்து இல்லன்னு தெரிஞ்சு?"

"தெரிஞ்சுதான்."

"அது என்ன கெழம?"

"திங்கக்கெழம."

இருளாயி சோற்றுக் கையைத் தூக்கி விரலை மடக்கினாள். "திங்க, செவ்வா, பொதன்" என்றாள். "மூணு நாளு எங்கம்மா உசுரோட இருந்துருக்கு. நான் ராட்டினத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். நீ உம் கொட்டிக்கிட்டு இருந்த." மடக்கிய விரலைப் பிரிக்காமலே, "எதுக்குடி?" என்று கேட்டாள்.

"முட்டையத் தின்னுட்டேன். எழுதலன்னு சொல்ல பயமா இருந்துச்சு."

நாற்பது வருடம் சுமந்த விஷயம் வாயிலிருந்து வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதாக இருந்தது. இருளாயி அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பாதிச் சாப்பாட்டோடு இலையை எதிர்ப்புறமாக மூடினாள். துக்க வீட்டில்தான் அப்படி மூடுவார்கள். எழுந்து கையைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, பொற்கொடி கூப்பிடக் கூப்பிடப் படியிறங்கிப் போனாள். செவந்தியும் எழுந்து பின்னால் ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் இருளாயி திரும்பிப் பார்த்தாள். "நீ எங்கிட்டு வார?"

"ஒங்கண்ணன்கிட்ட நாஞ்சொல்லணும்."

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. குளத்தூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள். செவந்தியும் ஏறினாள். பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கண்டக்டர் ஆளுக்கொன்று கிழித்துக் கொடுத்தார். இருளாயி முன்னால் ஒரு பலாப்பழக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செவந்தி இரண்டு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் தெரிந்த நரைத்த கொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மணி நேரம் அந்தத் தலை திரும்பவில்லை. தோள்கள் மட்டும் அவ்வப்போது குலுங்கின. பலாப்பழக்காரி, "என்னாத்தா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டியதைப் பார்த்தாள். அந்தப் பாட்டிலை நீட்டும் உரிமைகூடத் தனக்கு இல்லாமல் போனது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இறங்கிய இடத்திலிருந்து கால் மைல் நடை. இருளாயி வாழ்க்கைப்பட்ட ஊரிலிருந்து எட்டே கிலோமீட்டரில் இருக்கும் பிறந்த வீடு. அவள் காலெடுத்து வைத்து இத்தனை காலம் ஆகிவிட்டதால் தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரு கணம் தடுமாறினாள். ஓட்டு வீடு போய் இப்போது தளம் போட்ட வீடாக இருந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்து, "யாருங்க, யாரு வேணும்?" என்றாள்.

"அருணாவா?"

"ஆமாங்க."

"நாந்தான் ஒங்க அத்தை."

அருணா கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் நல்லதம்பி படுத்திருந்தார். வலது கை தலையணையில் தனியாக வைக்கப்பட்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தங்கையை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று முதலில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தார். பிறகு அவர் தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. இன்னொரு தடவை சொன்னார்.

"கார்டு போட்டேன்னு சொல்றாங்க அத்தை" என்றாள் அருணா. அவர் பேச்சு இப்போது அவளுக்கு மட்டும்தான் புரியும்.

நாற்பது வருடம் கழித்து வந்த தங்கையிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பழைய சண்டையை அதே இடத்திலிருந்து தொடரத்தான் அவள் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கண்ணில் பயம் தெரிந்தது.

இருளாயி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "வந்துச்சுண்ணே" என்றாள். "ஒங்க கார்டு வந்துச்சு. திங்கக்கெழமையே வந்துச்சு. நாந்தான் வராம இருந்துட்டேன்."

செவந்தி ஓரடி உள்ளே வைத்தாள். "அண்ணே, தப்பு எம்மேல, நாந்தான்..."

"நீ பேசாத." இருளாயி திரும்பாமலே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. "பேச வேண்டிய நாளையில நீ பேசல. இப்பப் பேசாத."

செவந்தி வைத்த அடியைப் பின்னால் எடுத்தாள். மன்னிப்புக் கேட்பதற்கும் ஒருவர் அனுமதிக்க வேண்டியிருக்கிறது.

நல்லதம்பி இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். எச்சில் வழிந்தது. நடுநடுவே மூச்சு வாங்கியது. சொல்லி முடிக்கும் வரை இருளாயி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

"என்னம்மா சொல்றாரு?"

அருணா துண்டால் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "டீக்கடையில எழுதி வாங்கினது நல்லா ஞாபகம் இருக்காம். பெட்டியில போட்டதுதான் ஞாபகமில்லையாம். நீங்க கார்டு வரலன்னு சொல்லச் சொல்ல, சட்டைப் பையிலேயே வச்சு எங்கேயாச்சும் தவற விட்டுட்டோமோன்னு அப்பாவுக்கே சந்தேகம் வந்துருச்சாம். சபையில சத்தியம் பண்ணச் சொன்னப்ப, அதனாலதான் பண்ணாம எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். ஒரு கார்ட ஒழுங்காப் போட்டிருந்தா எந்தங்கச்சி அம்மா மொகத்தப் பாத்துருக்கும்னு, இத்தன வருஷமா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தாங்களாம்."

இருளாயி அண்ணனின் உணர்வில்லாத வலது கையைத் தலையணையிலிருந்து எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அருணா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். செவந்தியை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

நல்லதம்பி அழவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவராகக் கிடந்தார். பிறகு இழுத்துக்கொண்டிருந்த வாயை மிகவும் கஷ்டப்பட்டு நேராக்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அப்ப, நான், போட்டுருக்கேன்."

இந்தத் தடவை அருணா எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசற்படியில் நின்ற செவந்திக்கே தெளிவாகக் கேட்டது.